பின்னட்டையில் ஒட்டிய தாள்

நிந்தவூர்
2024.02.04

அன்புள்ள முஹ்ஸின் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். பதுளைக் குளிரில் உங்கள் சளி எப்படி என்று கேட்டு எழுதச் சொன்னார் உம்மா, உங்கள் ராத்தா. இஞ்சி போட்டுக் குடிக்கவாம். போனிலும் இதைத்தான் சொல்லியிருப்பார். தபாலகத்தில் வேலை செய்கிறவரின் குடும்பத்தில் ஒருவராவது முத்திரை வாங்க வேண்டும், போன் ராத்தாவுக்கு, கடிதம் அப்ராவுக்கு என்று நீங்கள் போட்ட சட்டத்தை நான் மீறவில்லை.

போன மாதம் உம்மாவின் உயிர்ச் சான்றிதழ்ப் படிவத்தை வழக்கம் போல நான்தான் நிரப்பினேன். வாப்பா மௌத்தாகி மூன்றாவது படிவம் இது. மேலே 'விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம்' என்று அச்சடித்திருக்கிறது. உம்மா பக்கத்தில் இருக்கும்போது நான் எப்படி அநாதை என்று ஒவ்வொரு வருடமும் யோசிக்கிறேன். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், பிறகு 'மறுமணம் செய்துள்ளாரா?' நான் 'இல்லை' என்று எழுதுவேன். என் கையெழுத்துக்கு அந்தச் சொல் வடிவாக வரும்.

படிவத்துக்கு முத்திரை குத்துகிற கிராம அலுவலர், எங்கள் விதானையார், உம்மாவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "உசிரோடதான் இரிக்கீங்க போல, றபீக்கா" என்றார்.

"சந்தேகமெண்டா எங்கட தெருவுக்கு வாங்க. தையல் மெஷின் சத்தம் கேட்டா நான் இரிக்கேன்" என்றார் உம்மா.

அந்த மெஷின் இப்போது பூனை போல ஓடுகிறது. சாலிஹ் காக்காவை உங்களுக்குத் தெரியும்தானே, சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு மெஷின் திருத்த வருபவர், இடது கையில் ஒரு விரல் பாதி இல்லாதவர். போன மாதம் மட்டும் மூன்று தரம் வந்துவிட்டார். மெஷினில் அவ்வளவு பழுது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

நூலகத்தில் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. வாசித்துவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
அப்ரா

பதுளை
2024.02.21

அன்பு மகள் அப்ராவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். சளி குறைந்துவிட்டது. இஞ்சியால் அல்ல, வெயில் வந்ததால். ராத்தாவிடம் இஞ்சியால் என்றே சொல்லிவிடு.

நீ கேட்காமல் கேட்ட கேள்விக்கு மறுமொழி எழுதுகிறேன். உனக்குப் பதினைந்து வயதாகிவிட்டது. ஊரார் வாயில் கேட்பதற்கு முன் என்னிடமிருந்து நீ கேட்க வேண்டும்.

சாலிஹ் காக்கா, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற மரைக்காயர் பக்கீர் ஹாஜியார் மூலம் உன் உம்மாவைப் பெண் கேட்டிருக்கிறார். அவருடைய மனைவி மௌத்தாகி ஐந்து வருடம். பிள்ளைகள் இல்லை. நல்ல மனிதர். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மறுமொழி சொல்வதாக ராத்தா சொல்லியிருக்கிறார். அவருக்கு முப்பத்தெட்டு வயதுதான், மகள். இன்னும் மூன்று நான்கு வருடத்தில் நீ பல்கலைக்கழகம் போய்விடுவாய். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மெஷின் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

உன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுது. ராத்தா உன்னிடம் வாய் விட்டுக் கேட்க மாட்டார். எனக்குத் தெரியும்.

நல்ல சுகத்துடன் இரு. கணிதத்தை விட்டுவிடாதே.

மாமா,
முஹ்ஸின்

நிந்தவூர்
2024.03.09

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். நோன்புக்காக உம்மா அரிசி இடித்து வைத்துவிட்டார். தெருவில் பாதிப் பேர் பெருநாள் உடுப்புத் துணியை இப்போதே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் ஊரில் கலியாணம் செய்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வர வேண்டும். அதனால் சாலிஹ் காக்கா இங்கேதான் வருவார். இதை நான் ஒரு தகவலாகத்தான் எழுதுகிறேன்.

எந்த விடயத்தையும் ஆதாரத்தோடு பார்க்க வேண்டும் என்று எங்கள் வரலாற்று ஆசிரியை சொல்வார். ஆகவே நூலகத்துக்குப் போய் உசாத்துணை அலுமாரியில் தேடினேன். ஓய்வூதியச் சட்டங்களைத் தமிழில் தொகுத்த கைநூல் ஒன்று கிடைத்தது. வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். உம்மாவுக்குரிய பிரிவைக் கொப்பியில் எழுதி எடுத்தேன். விதவை மறுமணம் செய்தால், அந்தத் திகதியிலிருந்து அவருக்குரிய ஓய்வூதியம் நிறுத்தப்படும். அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

அன்று பின்னேரம் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா பாடசாலைச் சட்டை ஒன்றுக்குக் கழுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தவில்லை.

"அப்பிடியே எழுதியிரிக்கா மகள்?"

"ஓம் உம்மா. சொல்லுக்குச் சொல்."

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். உம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் வாசிக்கிறாய். போய்ச் சோத்தப் போட்டுத் தின்னு" என்றார்.

வாப்பா இருபத்திரண்டு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மதகு திறந்து மூடி, வெள்ளத்திலும் வெயிலிலும் வாய்க்கால் கரையில் நடந்து சம்பாதித்த ஓய்வூதியம் அது. அதை இழக்கக் கூடாதுதானே, மாமா?

துஆவுடன்,
அப்ரா

பதுளை
2024.03.24

அன்பு மகளுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கே நோன்பு நல்லபடி போகிறது. குளிரில் தாகம் தெரியாது, பசி இரண்டு மடங்கு தெரியும். தபாலகத்தில் என்னோடு வேலை செய்கிற சிங்கள நண்பர், நான் பார்க்கக் கூடாதென்று மேசைக்குக் கீழே குனிந்து பணிஸ் தின்கிறார். எனக்குத்தான் பாவமாக இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ வாசித்த கைநூல் எந்த ஆண்டு அச்சடித்தது? சட்டப் புத்தகத்தை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரைக்கும் பார்க்க வேண்டும், மகள். எங்கள் தபாலகத்தில் உள்ள விதிப் புத்தகம் பாதிக்கு மேல் பிறகு ஒட்டிய தாள்தான். போய் ஒருக்காப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. பெருநாளுக்கு முன் எழுதினால் நல்லது.

உன் நோன்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்.

மாமா,
முஹ்ஸின்

நிந்தவூர்
2024.04.15

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிந்திய பெருநாள் வாழ்த்துகள். பெருநாளுக்கு லீவு கிடைக்காமல் நீங்கள் வராதது உம்மாவுக்குப் பெரிய கவலை. உங்களுக்கென்று எடுத்து வைத்த தொதலை எறும்பு தின்றுவிட்டது.

பெருநாளுக்கு முதல் நாள் பொழுதுபடும் மஃரிப் வரைக்கும் உம்மா தைத்தார். கடைசிச் சட்டையை வாங்க வந்த பெண், பிள்ளையைக் குளிக்க வார்த்து ஈரத்தோடு கொண்டுவந்து நிறுத்தி, இங்கேயே உடுத்திக்கொண்டு போனாள். எனக்கு உம்மா நீலத்தில் சல்வார் தைத்திருந்தார். தனக்கு ஒன்றும் தைக்கவில்லை. நேரமில்லையாம்.

பெருநாளுக்கு மூன்றாம் நாள் பக்கீர் ஹாஜியார் வந்தார். நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். திரைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"அப்ப என்ன சொல்றாய் றபீக்கா? அந்த மனிசன் ரெண்டு மாசமா என்னக் காணும்போதெல்லாம் சலாத்தச் சொல்லிட்டு மூஞ்சப் பாத்துட்டு நிக்கிறான்."

"சரிவராது ஹாஜியார்."

"ஏன்கா? ஆள்ள என்ன குறை? விரல் ஒண்டு பாதிதானெண்டா, பாக்கி ஒம்பதரை இரிக்கி."

உம்மா சிரித்தது கேட்டது. பிறகு, "ஆள்ள ஒரு குறையுமில்ல. என்ட மகள் சட்டம் பாத்துச் சொல்லிட்டா. கலியாணம் முடிச்சா வாப்பாட ஓய்வூதியம் நிண்டு போகுமாம். அவள்ற படிப்புக்கு அதுதான் இரிக்கி. அவருக்கிட்ட அப்பிடியே சொல்லுங்க" என்றார்.

ஹாஜியார் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "சட்டத்தரணியாத்தான் வரப் போறாய்" என்று தலையில் கை வைத்துவிட்டுப் போனார். இப்போது தெருவில் எல்லோரும் என்னைச் சட்டத்தரணி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இரண்டாம் தவணைக்குப் புத்தகங்களுக்கு உறை போட்டுவிட்டேன். வேறு விசேடமில்லை.

அப்ரா

பதுளை
2024.05.03

அன்பு மகளுக்கு,

வஅலைக்கும் ஸலாம். தொதலுக்காக எறும்புகளை மன்னித்துவிட்டேன். ராத்தா போனில் நல்லாகக் கதைத்தார். நல்லாகக் கதைக்கும்போதுதான் எனக்கு அவரைப் பற்றிப் பயம்.

நான் கேட்ட ஒன்றுக்கு நீ மறுமொழி எழுதவில்லை. பரவாயில்லை. கடிதத்தில் எல்லாவற்றுக்கும் மறுமொழி இருக்க வேண்டுமென்று சட்டமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா,
முஹ்ஸின்

நிந்தவூர்
2024.08.11

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வந்து மூன்று மாதமாக எழுதவில்லை. மன்னியுங்கள். எனக்குக் காய்ச்சல் ஒன்றுமில்லை. உம்மாவுக்கு முதுகு வலி இருக்கிறது. உங்களிடம் போனில் சொல்லியிருக்க மாட்டார்.

மெஷின் சரியில்லை. மேயில் சத்தம் தொடங்கியது. உம்மா தேங்காய் எண்ணெய் விட்டார். இரண்டு நாள் ஓடிவிட்டு இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடுமாம், அது எங்களுக்குத் தெரியாது. கல்முனையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் கழற்றிப் பூட்டியபோது ஒரு ஆணி மிஞ்சியது. அதை மேசையில் வைத்துவிட்டு, "இது தேவையில்லாத ஆணி உம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு உம்மாவும் நானும் அந்த ஆணியைப் பார்த்துச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் உம்மா அதை எடுத்துப் பத்திரமாக வைத்தார்.

போன வெள்ளிக்கிழமை சாலிஹ் காக்கா வந்தார். உள்ளே வரவில்லை. சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு வாசலில் நின்றார். அவருக்கு ஒலுவிலில் கலியாணம். இந்த மாதக் கடைசியில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறாராம். கடலுக்குக் கிட்ட வீடு. மண் அரித்துக்கொண்டு வருகிறது, இன்னும் எத்தனை வருடம் நிற்குமோ தெரியாது என்று தானாகவே சொல்லிச் சிரித்தார்.

உம்மா, "நல்லா இரிங்க காக்கா. அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மெஷின் கஷ்டப்படுத்துதெண்டு கேள்விப்பட்டன். ஒருக்காப் பாத்துட்டுப் போகட்டா?"

உம்மா வாசலை விட்டு விலகி நின்றார். நான்தான் மெஷினை வீட்டு முன் மண்டபத்துக்கு இழுத்து வந்தேன். அரை மணித்தியாலம் வேலை செய்தார். மிஞ்சிய ஆணி தன் இடத்துக்குப் போனது. பிறகு என்னைக் கூப்பிட்டு, எண்ணெய் விட வேண்டிய துவாரங்களைக் காட்டினார். ஏழு இருக்கின்றன, மாமா. ஏழாவது கீழே இருக்கிறது, சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு போத்தல் மெஷின் எண்ணெயும் ஊசிப் பெட்டி ஒன்றும் தந்தார்.

"பின்னேரமானா உம்மாக்கு ஊசியில நூல் கோக்கக் கண் தெரியிறல்ல. சொல்லவும் மாட்டா. நீதான் பாத்துக் கோத்துக் குடுக்கணும் மகள்" என்றார்.

நான் ஒவ்வொரு நாளும் உம்மாவோடுதான் இருக்கிறேன். அது எனக்குத் தெரியாது.

அப்ரா

நிந்தவூர்
2024.09.29

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மறுமொழி வரவில்லை. நீங்கள் சுகமில்லாமல் இருக்கிறீர்களோ, என்னோடு கோபமாக இருக்கிறீர்களோ தெரியவில்லை. இரண்டாவதாக இருந்தால் அது சரி.

மார்ச்சில் நீங்கள் கேட்டதற்கு இப்போது மறுமொழி எழுதுகிறேன். அந்தக் கைநூல் நான் பிறப்பதற்குப் பல வருடம் முன் அச்சடித்தது. அதன் பின்னட்டைக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பின்னால் வந்த திருத்தம். மறுமணம் செய்கிற விதவைக்கு ஓய்வூதியம் முழுவதும் நிற்காது, ஒரு பகுதி தொடர்ந்து கிடைக்கும் என்று அதில் இருக்கிறது.

ஹாஜியார் வந்து போன பிறகுதான் அதைக் கண்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். இரண்டு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். உண்மை அதுவல்ல. உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்த அடுத்த நாளே நூலகத்துக்குப் போனேன். தாளை வாசித்தேன். பெருநாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. கொப்பியும் பேனையும் கையில் இருந்தன. எழுதி எடுக்கவில்லை. புத்தகத்தை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நோன்பு திறந்தேன். உம்மா எனக்குக் கஞ்சியில் இறைச்சி கூடுதலாகப் போட்டார்.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி இருக்கிறதே. வாப்பா வேலை முடிந்து வந்ததும் மதகுச் சாவியை, அந்தத் திறப்பை, அதில்தான் மாட்டுவார். திறப்பைத் திணைக்களம் திருப்பி வாங்கிக்கொண்டது, ஆணி இருக்கிறது. ஜனவரியில் ஒரு நாள் சாலிஹ் காக்கா தன் சாமான் பையை அந்த ஆணியில் மாட்டினார். அவருக்குத் தெரியாது. உம்மா கண்டார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. உம்மா ஒன்றும் சொல்லாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாலிஹ் காக்கா முகம் கழுவப் போனபோது பையை எடுத்து நிலத்தில் வைத்தேன். அவர் திரும்பி வந்து பார்த்தார். அன்றிலிருந்து பையை வெளியே சைக்கிளிலேயே விட்டுவிட்டு வருவார்.

எனக்கு விருப்பமில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, மாமா. சட்டம்தான் சொன்னது என்று எல்லோரையும் நம்ப விட்டேன்.

இனி உம்மாவுக்குச் சொல்ல வேண்டுமா? சொல்லி என்ன ஆகப் போகிறது?

அப்ரா

பதுளை
2024.10.20

அன்பு மகளுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எனக்குச் சுகமில்லாமல் இல்லை, கோபமும் இல்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். இப்போது நீ உண்மையை எழுதியிருக்கிறாய், நானும் எழுத வேண்டும்.

உன் உம்மாவுக்கு அந்தத் திருத்தம் முதலே தெரியும். பெண் கேட்டு வந்த கிழமையே ராத்தா எனக்குப் போன் எடுத்து ஓய்வூதியத்தைப் பற்றி விசாரித்தார். மறுமணம் செய்து அந்தப் பகுதி ஓய்வூதியத்தை எடுக்கிற ஒரு பெண் எங்கள் தபாலகக் கவுண்டருக்கு வருகிறார், ஆகையால் எனக்கு நல்லாகத் தெரியும். விளக்கமாகச் சொன்னேன். தையலும் அந்தப் பகுதியும் போதும், மகளின் படிப்புக்குக் குறை வராது என்று ராத்தாவே கணக்குப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நான் அந்தச் சந்தோஷத்தை அந்தக் குரலில் கன காலத்துக்குப் பிறகு கேட்டேன்.

நீ வாசித்துக் காட்டிய இரவே திரும்பவும் எடுத்தார். "மகளுக்கு விருப்பமில்ல தம்பி. வாயால சொல்ல ஏலாம புத்தகத்தால சொல்றாள். நீ ஒண்டும் திருத்தி எழுதாத. பிள்ள வெக்கப்படும்" என்றார். அதனால்தான் நான் ஆண்டை மட்டும் கேட்டேன். நீயே கண்டுபிடித்துச் சொன்னால் ராத்தா மனம் மாறுவார் என்று நினைத்தேன். நேராகச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை வைத்துவிட்டுப் பதுளையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் பிழை, உன்னுடையது அல்ல.

உம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். அவருக்கு அது புதிதாக இருக்காது.

மாமா,
முஹ்ஸின்

நிந்தவூர்
2025.01.12

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முதுகு வலி குறைந்திருக்கிறது. மழையில் எங்கள் கிணறு நிரம்பி, கையாலேயே தண்ணீர் அள்ளலாம் போல இருக்கிறது. உங்கள் பக்கம் மண் சரிவு என்று செய்தியில் சொன்னார்கள். கவனமாக இருங்கள்.

நேற்றுப் பின்னேரம் உயிர்ச் சான்றிதழ்ப் படிவத்தை நிரப்ப இருந்தோம். உம்மா தைத்துக்கொண்டிருந்தார். நான் ஏழு துவாரத்துக்கும் எண்ணெய் விட்டிருந்ததால் மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. பெயர், விலாசம், இலக்கம் எழுதினேன். அந்தக் கேள்வி வந்ததும் எழுத முடியவில்லை.

"உம்மா, இத நீங்களே எழுதுங்க" என்றேன்.

"ஏன்கா? எழுத்து மாறினா விதானையார் கேள்வி கேப்பார்."

"உம்மா, நூலகத்துப் புத்தகத்துல பின்னட்டையில ஒரு தாள் ஒட்டியிரிக்கி. நான் அத..."

மெஷின் நின்றது.

"தெரியும் மகள்."

"எனக்கும் தெரியும், உம்மா. நோன்பிலயே அந்தத் தாள வாசிச்சிட்டன்."

உம்மா என்னைப் பார்க்கவில்லை. வாசல் கதவுப் பக்கம் பார்த்தார். அந்த ஆணி அங்கேதான் இருக்கிறது, ஒன்றும் மாட்டாமல். அதைப் பிடுங்கிவிடவா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கும் இனி என்ன வேலை இருக்கிறது?

அப்போது உம்மா சொன்னார், "நீ அண்டைக்கு வாயத் திறந்து வேணாமெண்டு சொல்லியிருந்தா, நான் ஒனக்கு எடுத்துச் சொல்லியிருப்பன். நீ சட்டத்தக் கொண்டு வந்தாய். சட்டத்தோட நான் என்னத்தக் கதைக்கிற?"

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, மாமா. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

பிறகு ஊசியையும் நூலையும் என் பக்கம் நீட்டினார். நான் கேட்காமலே அவராக நீட்டியது அதுதான் முதல் தரம். நான் கோத்துக் கொடுத்தேன். பேனையை எடுத்து, 'மறுமணம் செய்துள்ளாரா?' என்பதற்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். வழக்கம் போல வடிவாகத்தான் வந்தது.

இன்று காலை விதானையார் முத்திரை குத்தித் தந்தார்.

எங்கள் இருவருக்காகவும் துஆச் செய்யுங்கள். அடுத்த பெருநாளுக்கு எப்படியாவது லீவு எடுத்து வாருங்கள். உம்மாவுக்குக் கதைக்க ஆள் இல்லை.

அப்ரா